பாட்டுக் குழுவுக்கு வாய்த்த சுருள்முடி

ஓர் இசைக்குழுவுக்கு முதலில் என்ன வேண்டும் என்று என் கொழுந்தனாரைக் கேட்டால் பாட்டு என்று சொல்ல மாட்டார். அடையாளம் என்பார். அதையும் தமிழில் சொல்வது அபூர்வம். ‘பிராண்டிங்’ என்றுதான் வாயில் வரும். கோயம்புத்தூரில் பொறியியல் படித்து முடித்து அவர் ஊருக்குக் கொண்டுவந்தது ஒரு கிட்டாரையும் அந்தச் சொல்லையும்தான் என்று கணவரிடம் ஒருமுறை சொன்னேன். கணவர் சிரிக்கவில்லை. அவரும் தம்பி தொடங்கிய குழுவில் ஒருவர். பகலில் தேனியில் டிராக்டர் ஷோரூம், சாயங்காலத்தில் ரிதம் பேட்.

மொத்தம் நான்கு பேர். போடி கடைவீதியில், கீழே ஏலக்காய் மூட்டை அடுக்கியிருக்கும் ஒரு கட்டடத்தின் மாடி அறையில் கூடுவார்கள். கல்யாணமான புதிதில், அங்கே பயிற்சி நடக்கிறது, பாவம், தொண்டை வறளுமே என்று ஃபிளாஸ்கில் சுக்குக் காபி கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஒருநாள் நேரில் போனேன். டிரம்ஸ் மேல் யாருடைய துண்டோ காய்ந்துகொண்டிருந்தது. நால்வரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து, டீஷர்ட்டுக்குச் சாதாரணக் கறுப்பா, கரிக் கறுப்பா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். கொழுந்தனார் என்னையும் கேட்டார். கரிக் கறுப்பு என்றேன். அப்படிச் சொன்னது சரிதானா, என்னால் குழு கெட்டுப் போய்விடுமோ என்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். என் புத்தி அப்படி.

பிறகு அடையாளம் தேடிப் பள்ளத்தாக்கு முழுவதும் அலைந்தார்கள். பண்ணைப்புரம் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்தார்கள். இந்தப் பக்கம் கீபோர்டு வாங்கிய எல்லோரும் அங்கே நின்று எடுத்தாயிற்று. குச்சனூர்க் கோயிலில் சனிக்கிழமைக் கூட்டத்தின் நடுவே கிட்டாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று, எள் விளக்கேற்ற வந்தவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். கம்பம் திராட்சைத் தோட்டத்தில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நின்றபோது, மருந்தடித்த கொடியைத் தொடாதீர்கள் என்று தோட்டக்காரர் தூரத்திலிருந்து கத்தியிருக்கிறார். அந்தப் படத்தில் நால்வரும் எங்கோ தொலைவில் எதையோ தேடுவதுபோல் பார்ப்பார்கள். அவர்கள் தேடியது தோட்டக்காரரை. குழுவின் இணையப் பக்கத்தில் அதன் கீழே ஒருவர், பார்வையிலேயே ஒரு வலி தெரிகிறது என்று எழுதியிருந்தார்.

கடைசியில் அவர்களுக்கு அடையாளம் கிடைத்தது என் மகளின் தலையில்.

அவள் நாள் முந்திப் பிறந்தவள். எடை போதாது என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டிக்கு வெளியே நின்றுகொண்டு, இவளை என் கையில் கொடுத்துவிடு, வருகிற மாசி சிவராத்திரிக்கே இவள் முதல் முடியை உன் வாசலில் இறக்குகிறேன் என்று குலதெய்வத்திடம் வேண்டினேன். கணவர் வீட்டுச் சாமி. அப்போது எனக்கு அந்தச் சாமியிடம் பெரிய பழக்கம்கூட இல்லை. ஆனாலும் பிள்ளை கைக்கு வந்தாள். எடை ஏறினாள். தலை முழுக்கச் சுருள்சுருளாக முடியும் வந்தது.

ஏழாம் மாதம் இருக்கும். உறவில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போகும் வழியில் கணவர் எதையோ எடுக்க அந்த மாடி அறைக்கு ஏறினார். நானும் பிள்ளையுடன் போனேன். அவள் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பாட்டுக்குத் தலையாட்டினாள். யாரோ பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றை அவள் மூக்கில் வைத்தார்கள். நான் பின்னால் குனிந்து அவள் காதுகளைப் பொத்திக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் குழந்தைக் காதுக்கு ஆகாதே என்பதுதான் என் கவலை. கொழுந்தனார் அதை வீடியோ எடுத்து அன்றே குழுவின் பக்கத்தில் போட்டுவிட்டார். இத்தனை காலம் நால்வரும் தொண்டை கிழியப் பாடியும் வராத கூட்டம் அந்தத் தலையாட்டலுக்கு வந்தது.

ஒரு வாரத்துக்குள் குழுவின் சின்னம் மாறியது. வட்டத்துக்குள் சுருள்முடி, அதன் கீழே கறுப்புக் கண்ணாடி. படத்திலிருந்து என் கைகளை வெட்டிவிட்டிருந்தார்கள். அதே படம் டீஷர்ட்டில், கீ செயினில், ஷேர் ஆட்டோக்களின் முதுகில். குமுளிக்குக் காய்கறி ஏற்றிப் போகும் மினி வேன் ஒன்றின் பின்னால் என் மகளின் தலை சேறு தெறித்துப் போவதைப் பார்த்தேன். அன்று சாயங்காலம் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டேன். எத்தனை வண்டிக்குச் சுற்ற முடியும்?

ரசிகர்களோடு ‘கனெக்ட்’ ஆக வேண்டும் என்றார் கொழுந்தனார். அதற்கு ஒரு வழியும் வைத்திருந்தார். குழுவின் பக்கத்தில் வரும் கேள்விகளுக்குக் குழந்தையே பதில் சொல்வதுபோல் எழுத வேண்டும். நான் தமிழ் முதுகலை படித்தவள், பி.எட்.டும் முடித்தவள், பிள்ளைக்காக வேலையை விட்டு வீட்டில் இருப்பவள். எனவே அந்தக் குழந்தை நான்தான் என்று முடிவானது. மறுக்க வேண்டும் என்று தோன்றியது. வீட்டு ஆள் கேட்கிறார், சின்ன உதவிதானே என்றும் தோன்றியது. ஒரு கையால் கேழ்வரகுக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டு மறுகையால் போனில் எழுதினேன். மீசை வைத்த ஆண்கள், கடன் வாங்கிப் பெட்டிக்கடை வைத்தவர்கள், கல்லூரிப் பெண்கள் எல்லோரும், பாப்பா சாப்டியா என்று கேட்டார்கள். சாப்ட்டேன் மாமா, நீங்க சாப்ட்டீங்களா அத்தை என்று நான் எழுதினேன். அவர்கள் இதயம் இதயமாக அனுப்பினார்கள். என் மகள் அப்போது கஞ்சியைத் துப்பிக்கொண்டிருந்தாள். ‘பாப்பா படை’ என்று ஒரு ரசிகர் மன்றம் உண்டாகி, அதற்குப் பெரியகுளத்தில் கிளையும் திறந்தார்கள். அந்தப் படையில் ஒருவராவது குழுவின் முழுப் பாட்டு ஒன்றைக் கேட்டிருப்பாரா என்பது எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

தை முடியப் போகும்போது மாமியாரிடம் மொட்டை விஷயத்தைப் பேச்செடுத்தேன். சிவராத்திரிக்கு எல்லாப் பங்காளிகளும் கோயிலுக்கு வருவார்கள். பிள்ளைக்கு இன்னும் ஒரு வயது முடியவில்லை. இப்போது விட்டால் அடுத்த சிவராத்திரி அவளுக்கு இரண்டாம் வயது நடக்கும்போது, இரட்டைப்படையில் வரும். இரண்டில் முடி இறக்க மாட்டார்கள், மூன்று வரை தள்ளிப்போகும். என் வேண்டுதலோ இந்த சிவராத்திரிக்கு. மாமியார் கொழுந்தனாரைப் பார்த்தார். அவர்களுக்குள் முன்பே பேச்சு நடந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“மதினி, மொட்டைய இப்போதைக்குத் தள்ளிப் போடலாமா?” என்றார் கொழுந்தனார்.

“எதுக்குத் தம்பி?”

“சித்திரைத் திருவிழாவுக்குப் பேசி முடிச்சாச்சு. போஸ்டர் பூரா பாப்பாதான். முடியில்லாம மேடைக்குத் தூக்கிட்டுப் போனா, இது யாருன்னு கேப்பாக.”

“கேட்டா எம்மகதான்னு சொல்லுங்க.”

“உங்களுக்கு மக மதினி. எங்களுக்கு லோகோ.”

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. ஊரில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் முடியை இறக்குகிற ஊர் இது. இவர்கள் நால்வருக்குமே மொட்டைத் தலையோடு எடுத்த படம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அப்படிப்பட்டவர்கள், இறக்கப் போகிற முடியைப் பார்த்து ஒரு சின்னத்தை வரைந்து, ஊரெல்லாம் ஒட்டி, பிறகு சாமியிடம் தவணை கேட்கிறார்கள். பொறியியல் படித்தவர் போட்ட திட்டம்.

மாமியாராவது எனக்காகப் பேசுவார் என்று நினைத்தேன். விரதம், நாள், கிழமை எதையும் விடாதவர். ஆனால் குச்சனூர்க் கோயில் வரிசையில் யாரோ ஒரு பெண், நீங்கள் பாப்பாவின் அப்பத்தாதானே என்று கேட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டதிலிருந்து அவரும் படையில் சேர்ந்துவிட்டிருந்தார்.

“ஏத்தா, பூமுடி குடுத்தாப் பத்தாதா? ஓரத்துல ரெண்டு கத்தரிச்சுப் போட்டா முடிஞ்சது. சாமி என்ன அளந்தா பாக்குது?”

கணவர் குனிந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். பூமுடி போதுமோ, நான்தான் பிடிவாதம் பிடிக்கிறேனோ என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றபோது நான் என்ன சொன்னேன் என்பதை வார்த்தை வார்த்தையாக நினைத்துப் பார்த்தேன். ‘முதல் முடியை’ என்றுதான் சொன்னேன். முதல் முடியில் கொஞ்சத்தை என்று சொல்லவில்லை.

என் முகத்தைப் பார்த்துக் கொழுந்தனார் இன்னொரு வழி கண்டுபிடித்தார். மதுரைக்குப் போய், பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு வேஷத் துணி வாடகைக்கு விடும் கடையிலிருந்து ஒரு டோப்பா வாங்கி வந்தார். கிருஷ்ணர் வேஷத்துக்கான சுருள்முடி, நெற்றியில் மயிலிறகு செருக ஒரு துளையோடு. அதைப் பிள்ளையின் தலையில் வைத்ததும் அது மூக்கு வரை இறங்கியது. அவள் இருட்டில் அகப்பட்டவள்போல் வீறிட்டாள். சின்ன சைஸ் கிடைக்கவில்லை மதினி, பின்னால் ஒரு பின் குத்திக்கொள்ளலாம் என்றார். எதில் குத்துவீர்கள், மொட்டைத் தலையிலா என்று கேட்டேன். அவர் உண்மையாகவே யோசித்தார்.

அடுத்த நாள் செய்ததுதான் உச்சம். பக்கத்தில் ஓட்டெடுப்பு வைத்துவிட்டார். பாப்பாவுக்கு மொட்டை போடலாமா, வேண்டாமா, உங்கள் கருத்தே எங்கள் முடிவு என்று எழுதியிருந்தார். கூடவே அழுகிற பொம்மை ஒன்று. நான் கேழ்வரகைச் சலித்துக்கொண்டிருந்தவள் அதைப் பார்த்துவிட்டு, என் கணக்கிலிருந்து ‘போடலாம்’ என்று அழுத்தினேன். அழுத்திய பிறகுதான் உடம்பு கூசியது. என் மகளின் முடிக்கு நானும் ஓர் ஓட்டு. பெட்டிக்கடைக்காரருக்கும் ஓர் ஓட்டு. வேண்டாம் என்ற கட்சியே ஜெயித்தது. முடி போனால் எங்கள் உயிர் போகும் பாப்பா என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் படத்தில் அவர் தலை முழு வழுக்கை.

அன்றோடு நான் எழுதுவதை நிறுத்தினேன். யாரிடமும் சண்டை போடவில்லை, அறிவிக்கவும் இல்லை. போனைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். கொழுந்தனார் கேட்டதற்குப் பிள்ளைக்குச் சளி என்றேன். உண்மையில் கொஞ்சம் சளி இருந்தது. அவர் அதை அப்படியே பக்கத்தில் போட்டுவிட்டார். பாப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பிரார்த்தியுங்கள் என்று. அதற்குப் பிறகு பாப்பா பேசவே இல்லை.

விளைவு ஒரு காலையில் வந்தது. ஷோரூமில் கணவருடன் வேலை செய்பவர் அவருக்குப் போன் செய்தார். முதலில் தொண்டையைச் செருமினார். விஷயம் உண்மையா என்றார். எந்த விஷயம் என்று இவர் கேட்க, அவர் ஒரு படத்தை அனுப்பினார். கண்ணீர் அஞ்சலி என்று மேலே. நடுவில் என் மகள், சுருள்முடியும் கறுப்புக் கண்ணாடியுமாக. இரு பக்கமும் எரிகிற மெழுகுவத்தி. கீழே, பாப்பா படை, பெரியகுளம் கிளை.

நான் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, தரையில் தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளையைத் தூக்கினேன். தூக்கி அவள் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். அவள் என் விரலைக் கடித்தாள்.

“நீ எழுதாம விட்டதுலதான் இம்புட்டும்” என்றார் கணவர்.

“நான் எழுதாட்டி எம்மக செத்துப் போயிருவாளா?”

வீட்டில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. மாமியார் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். படத்தைக் காட்டியதும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். குச்சனூர் வரிசைப் பெருமையெல்லாம் அந்த இரண்டு மெழுகுவத்தியில் எரிந்து போனது.

“எந்தக் கட்டையில போறவன் செஞ்சான் இத? வெளையாடுற புள்ளைக்கு வெளக்கேத்திட்டானே. ஏத்தா, முடிய எறக்கு. மொதல்ல முடிய எறக்கு. சாமிக்குச் சொன்னதத் தள்ளிப் போட நெனச்சோம்ல, அதான்.”

தள்ளிப் போட நினைத்தது யார் என்று கேட்க வாய் துடித்தது. பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டேன். கொழுந்தனார் மட்டும், இந்த வதந்தியால் பக்கத்துக்கு ஆட்கள் கூடியிருக்கிறார்கள் என்று முணுமுணுத்தார். மாமியார் கையிலிருந்த கரண்டியை ஓங்கியதைப் பார்த்து அவர் வெளியே போய்விட்டார்.

சிவராத்திரிக்கு, சின்னமனூர் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் கோயிலுக்குப் போனோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் முடி இறக்க வேண்டும் என்பதால் வடுகபட்டியிலிருந்து என் அண்ணன் வந்தான். பூண்டுக் கமிஷன் கடை வைத்திருப்பவன். தட்டு நிறையப் பழம், பூ, பிள்ளைக்குப் புது உடுப்பு, எல்லாம் முறையாகக் கொண்டுவந்தான். நெஞ்சில் மட்டும் அந்தக் கரிக் கறுப்பு டீஷர்ட்.

“அண்ணே, இதப் போட்டுக்கிட்டா வருவ?”

“மருமக படம்னு ஆசையாப் போட்டேன்த்தா. குத்தமா?”

குற்றம் என்று எப்படிச் சொல்வது? பிள்ளையை அவன் மடியில் வைத்தேன். நாவிதர் தலையில் தண்ணீரைத் தடவியபோது, எனக்குப் பின்னாலிருந்து கொழுந்தனாரின் கை போனோடு நீண்டது. நேரலை போடுகிறாராம்.

“உசுரோட இருக்குன்னு காட்டணும்ல மதினி. கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி நிறுத்திருவேன்.”

நான் சொல்ல வேண்டிய நேரம் அது. அண்ணன்தான் நிமிர்ந்து பார்த்தான்.

“போனை உள்ள வைங்க மாப்ள. இது எம்மடி. இங்கன நாங்க மட்டுந்தேன்.”

போன் உள்ளே போனது. கத்தி வைத்தார்கள். அவள் அழுதாள், பிறகு களைத்துப் போய் அவன் டீஷர்ட்டின் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுருள்கள் ஒவ்வொன்றாய் அவன் நெஞ்சில் அச்சடித்த சுருள்களின் மேல் விழுந்து, அங்கிருந்து மடிக்கு நழுவின. சந்தனம் பூசினார்கள். நான் வாசலில் விழுந்து கும்பிட்டேன். தாமதிக்க நினைத்ததற்கு மன்னிப்பு கேட்டேனா, கொடுத்ததற்கு நன்றி சொன்னேனா என்று தெரியவில்லை. வெகுநேரம் எழவில்லை என்று மட்டும் மாமியார் பிறகு சொன்னார்.

மொட்டை போட்டதை ரசிகர்களுக்குச் சொல்லவே இல்லை. பழைய வீடியோ ஒன்றைத் தேடி எடுத்து, பாப்பா நலமாக இருக்கிறாள் என்று போட்டார்கள். பாப்பா படை நிம்மதியடைந்தது. பெரியகுளம் கிளை பட்டாசு வெடித்ததாகவும் கேள்வி. அதன் பிறகு பாப்பாவின் பதில்களைக் கொழுந்தனாரே எழுதினார். வரிக்கு வரி பிழை. ஒருவர்கூட வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. ஒரு பெண் மட்டும், பாப்பா வளர்ந்துவிட்டாள், பேச்சில் முதிர்ச்சி தெரிகிறது என்று எழுதியிருந்தாள். ஐந்து வருடம் தமிழ் இலக்கணம் படித்த எனக்கு அது கொஞ்சம் வலித்தது.

சித்திரைத் திருவிழாவுக்கு நான் போக வேண்டாம் என்றிருந்தேன். கணவர் மேடையில் வாசிக்கிறார், மனைவி வரவில்லை என்றால் நாலு பேர் கேட்பார்கள் என்று மாமியார் சொன்னதால் போனேன். சூரியன் இறங்கி விளக்குப் போடும் நேரம். பிள்ளையின் காதுக்குப் பஞ்சு வைத்து, மேடையிலிருந்து தள்ளி, பந்தல் கால் ஓரமாக உட்கார்ந்தேன். புழுக்கம் தாங்காமல் பிள்ளைக்குக் கையில்லாத பனியனும் டவுசரும்தான் போட்டிருந்தேன். தலையில் முடி அப்போதுதான் முள்முள்ளாக முளைக்கத் தொடங்கியிருந்தது. அவள் என் தோளில் உட்கார்ந்துகொண்டு முன்னால் இருப்பவர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

பந்தலைச் சுற்றி என் மகளின் தலை எங்கும் இருந்தது. வளைவில், பலகையில், பையன்களின் முதுகில், பலூன்காரரின் வண்டியில். எதிரே இருந்த ஒரு கும்பல் ‘பாப்பா, பாப்பா’ என்று தாளம் போட்டுக் கூப்பிட்டது. என் மகள் அவர்களைப் பார்த்துக் கையாட்டினாள். யாரும் திரும்பிக் கையாட்டவில்லை.

மேடையில் புகை விட்டார்கள். புகைக்குள்ளிருந்து ஒட்டுப்பலகையில் வெட்டிய ஆளுயரப் பாப்பா ஒன்றைச் சக்கரத்தில் வைத்து உருட்டி வரத் தொடங்கினார்கள். சுருள்முடி நெடுகிலும் சின்னச் சின்ன விளக்கு மின்னியது. விசில் காதைக் கிழித்தது. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் என் முதுகை மெல்லத் தொட்டார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அவர் மடியில் ஒரு சின்னப் பெண், நெற்றியில் அந்தச் சின்னத்தை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தாள்.

“தம்பியக் கொஞ்சம் எறக்கி வச்சுக்கங்கம்மா. மறைக்கிறான். பாப்பா வருதுல்ல, எம்மக பாக்கணுங்கிறா.”

பாப்பா இதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். நம்பியிருந்தால் படம் எடுக்கக் கேட்டிருப்பார்.

“சரிங்கண்ணே” என்று சொல்லிவிட்டுத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவள் என் கைப்பையைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்து, எனக்கு ஒரு கடி கொடுத்துவிட்டு, மேடையைப் பார்க்காமலே தின்னத் தொடங்கினாள்.